மருந்தேறிய சட்டை: சிப்பாயிடமிருந்து காட்டுத் தொழிலாளிக்கு வர 70 ஆண்டுகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வனத்துறை, பூங்காத் துறை, வனவிலங்குத் துறை ஊழியர்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. மொத்தம் 159 பேர். எல்லாரிடமும் சீருடைகளை வாங்கி, ஒரு பகுதியினருடைய சீருடையில் மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தொழிற்சாலையில் ஏற்றினார்கள். மற்றவர்களுடையதில் எதையும் ஏற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். யாருடைய சட்டையில் மருந்து இருக்கிறது என்பது போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, கணக்கெடுக்கிறவருக்கும் தெரியாது. பிறகு இரண்டு ஆண்டுகள், வேலை நேரத்தில் யாரை எத்தனை உண்ணி கடித்தது என்று எண்ணினார்கள். முதல் ஆண்டில் மருந்தேறிய சீருடைக்காரர்களுக்குக் கடி 82 சதவீதம் குறைவு.

நல்ல விஷயம்தான், இதுல வரலாறு எங்க இருக்கு என்று கேட்கலாம். சட்டையில் மருந்து ஏற்றினால் இந்த மாதிரி ஜந்துக்கள் ஏறாது என்பது 1943இலேயே தெரிந்த சங்கதி. அதை ஒரு வனக்காவலருடைய சட்டையில் ஏற்றி முறையாகச் சோதித்துப் பார்க்க ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நடுவில் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. அந்தக் கதையில் தமிழர்களும் வருகிறார்கள், ஆனால் மருந்துச் சட்டை போட்டவர்களாக வரவில்லை.

முதலில் உண்ணி யார், சிற்றுண்ணி யார்

நம்மூர்ப் பத்திரிகைகளில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வருவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ். மழைக்காலம் முடிந்து குளிர் மாதங்களில் வேலூர் வட்டாரத்திலும் தமிழ்நாட்டின் வேறு பல மாவட்டங்களிலும் வருவது இதுதான். சரியாகச் சொன்னால் இதைப் பரப்புவது உண்ணி இல்லை. கண்ணுக்குச் சிக்காத சிற்றுண்ணியின் இளம்பருவம். மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து உப்பிக் கிடப்பதே அசல் உண்ணி.

இரண்டும் பூச்சி இனம் கிடையாது. சிலந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. இரண்டுமே பறக்காது, தாவாது. புல் நுனியிலோ செடி விளிம்பிலோ காத்திருக்கும். உண்ணி முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நம் மூச்சுக் காற்றையும் உடம்புச் சூட்டையும் அந்தக் கால்களில் இருக்கிற உறுப்பால் உணரும். நாம் உரசிக்கொண்டு போனால் பற்றிக்கொள்ளும். பிறகு மேல்நோக்கி ஊர்ந்து, துணி முடிகிற இடம் எது என்று தேடும். காற்சட்டை விளிம்பு, இடுப்பு, கழுத்து. அது தோலைத் தொடுமுன் கொஞ்ச தூரம் துணி மேல் நடந்தாக வேண்டும். மருந்துச் சட்டை என்ற யோசனையே அந்த நடையை நம்பித்தான் நிற்கிறது.

மலாயாவில் ஒரு பெயர் கிடைத்தது

இந்தச் சிற்றுண்ணிக் காய்ச்சலை ஜப்பானியர்கள் வெகுகாலமாக அறிவார்கள். நீகாத்தா பகுதியில் ஆற்றங்கரை வெள்ளச் சமவெளிகளில் வேலை செய்த விவசாயிகளுக்கு வந்தது. சுட்சுகாமுஷி என்று பெயர். ஆனால் 'ஸ்க்ரப் டைஃபஸ்' என்ற ஆங்கிலப் பெயர் பிறந்தது மலாயாவில். 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த ஃப்ளெட்சரும் லெஸ்லரும் அங்கே வந்த டைஃபஸ் காய்ச்சலை இரண்டாகப் பிரித்தார்கள். நகரத்தில் கடைக்காரர்களுக்கு வருவது ஒன்று, தோட்டத்தில் புதர்வெட்டும் தொழிலாளிகளுக்கு வருவது இன்னொன்று. இரண்டாவதுக்குத்தான் 'ஸ்க்ரப்', அதாவது புதர், என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் இந்த நோய் அதிகம். காரணம் எளிமையானது. பனம்பழத்தைத் தின்ன எலி வரும். எலியின் மேல் சிற்றுண்ணி வாழும். காடழித்த இடத்தில் லாலாங் புல் மண்டும். அந்தப் புல்லை வெட்டுகிற மனிதன், எலி இருக்க வேண்டிய இடத்தில் போய் நிற்கிறான். 1930களில் அதே கழகத்தில் லூத்வெயிட், சவூர் இருவரும் மலாயாவின் புதர்க் காய்ச்சலும் ஜப்பானின் சுட்சுகாமுஷியும் ஒரே நோய்தான் என்று நிறுவினார்கள்.

அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களில் வெட்டு வேலைக்கும் களை வேலைக்கும் நின்றவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியத் தமிழர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நோய்க்குப் பெயர் கிடைத்தது, கிருமி அடையாளம் கண்டாயிற்று, எலிக்கும் புல்லுக்கும் உள்ள தொடர்பு தெரிந்தது. அறிவியல் என்ற வகையில் அது பெரிய வேலை. ஆனால் நோய்க்கு மருந்தும் கிடையாது, தொழிலாளியின் உடம்பில் கிடந்த முண்டா பனியனிலோ வேட்டியிலோ எதையாவது தடவிப் பார்க்கலாம் என்ற முயற்சியும் பரவவில்லை. தோட்டத்தில் ஒருவர் படுத்தால் அவர் இடத்தில் இன்னொருவர்.

1943: படை படுத்தபோது

இரண்டாம் உலகப்போர் இந்தக் கணக்கை மாற்றியது. நியூகினியாவிலும் பர்மாவிலும் ஆஸ்திரேலிய, அமெரிக்க, பிரிட்டிஷ் இந்தியப் படைகள் போய் இறங்கிய இடமெல்லாம் மலாயாத் தோட்டத்தின் அண்ணன் தம்பி நிலம். கைவிட்ட தோட்டம், ஆளுயரக் குனாய்ப் புல், எலி. 1944இல் நியூகினியாவின் வடமேற்கில் ஓவி, பியாக் தீவுகளில் அமெரிக்கர்கள் இறங்கிய சில வாரங்களில் நூற்றுக்கணக்கான பேர் ஸ்க்ரப் டைஃபஸில் படுத்தார்கள். நோய்க்கு அப்போதும் மருந்து இல்லை. நல்ல செவிலியரும் நல்ல அதிர்ஷ்டமும்தான்.

பர்மா முனையில் 14ஆவது படைக்குத் தலைமை தாங்கிய ஸ்லிம் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1943இல் காயம்பட்டு பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொரு ஆளுக்கும் நோய்ப்பட்டு அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுப்போக்கு, டைஃபஸ் எல்லாம் சேர்த்து. இப்படி ஒரு கணக்கு கையில் இருக்கும் தளபதிக்கு நோய்த்தடுப்பு என்பது தர்ம காரியம் இல்லை, போர்த் தந்திரம். மலேரியா மாத்திரையை ஆட்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ச் சோதனை வைத்து, விழுங்காத பட்டாளத்தின் அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்கியவர் அவர். தினமும் ஞாபகமாகச் செய்ய வேண்டிய பாதுகாப்பு, அதிகாரம் செலுத்தாமல் நடக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

சிற்றுண்ணிக்கான விடை ஆஸ்திரேலியப் படையிலிருந்து வந்தது. நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த பூச்சியியலாளர் மெக்கல்லக். கொசு விரட்டியாகத் தோலில் பூசப்பட்ட டைமெத்தைல் தாலேட் என்ற திரவத்தைத் துணியில் தடவினால் சிற்றுண்ணி அதன் மேல் நடக்க முடியாமல் செத்துப்போவதைக் கவனித்தார்கள். ஆனால் அது நனைந்தால் போய்விடும். அதன் நெருங்கிய உறவான டைபியூட்டைல் தாலேட் அத்தனை சீக்கிரம் போகாது, துவைத்தாலும் கொஞ்சம் தங்கும். சிப்பாய் உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, சட்டை காற்சட்டை முழுக்கத் தேய்த்துக்கொள்ள வேண்டியது. இதற்கு இயந்திரம் வேண்டாம், முகாம் வேண்டாம். அமெரிக்கர்கள் புளோரிடாவின் ஓர்லாண்டோவில் வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் பென்சைல் பென்சோயேட் போன்றவற்றைச் சோதித்து, சீருடைகளை மொத்தமாக முக்கி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

1920களில் இந்தக் காய்ச்சல் தோட்டத் தொழிலாளிக்கு வந்தபோது அதற்குப் பெயர் கிடைத்தது. 1943இல் சிப்பாய்க்கு வந்தபோது சட்டையில் மருந்து கிடைத்தது. யாரையும் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. படையில் ஒரு ஆள் ஒரு நாள் படுத்தால் அது எங்கோ ஒரு நோட்டில் ஏறுகிறது. அந்த நோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

நடுவில் வந்த தேக்கம்

1948இல் அமெரிக்க மருத்துவர் ஸ்மேடலின் குழு கோலாலம்பூருக்கு வந்து, குளோராம்பெனிக்கால் என்ற புது மருந்தால் ஸ்க்ரப் டைஃபஸைக் குணப்படுத்திக் காட்டியது. நோயாளிகள் சில நாட்களிலேயே எழுந்து உட்கார்ந்தார்கள். மருத்துவ வரலாற்றில் இது பெரிய வெற்றி. கூடவே, வந்தால் குணப்படுத்திக்கொள்ளலாம் என்ற நிலை வந்ததும், வராமல் தடுக்கும் சட்டையைப் பற்றிய அவசரம் குறைந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு காரணம் அந்த மருந்துகளே. 1950களில் அமெரிக்கப் படை எம்-1960 என்ற கலவையைச் சீருடையில் ஏற்றியது. வேலை செய்யும். ஆனால் நாற்றம், பிசுபிசுப்பு, தோல் எரிச்சல். பிளாஸ்டிக் மேல் பட்டால் அதையும் கெடுக்கும். சண்டைக்குப் போகிறவனே மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்ட சட்டையை, சம்பளத்துக்கு மரம் எண்ணுகிறவர் ஏன் போடப்போகிறார்? துணியில் நிற்க வேண்டும், தோலுக்குள் போகக்கூடாது, மணக்கக்கூடாது. அப்படி ஒரு பொருள் அன்று இல்லை.

சாமந்திப் பூவின் பேரன்

அந்தப் பொருள் வந்தது ஒரு பூவிலிருந்து. பைரெத்ரம் என்பது சாமந்தி இனத்து வெள்ளைப் பூ. அதைக் காயவைத்துப் பொடித்தால் பூச்சி மயங்கி விழும். டால்மேஷியாவிலும் பிறகு கென்யாவிலும் பெரிய அளவில் விளைந்தது. கொசுவத்திச் சுருளின் பூர்வீகமும் இதுதான். ஸ்டாடிங்கர், ருசிக்கா என்ற இரு வேதியியலாளர்கள் இதன் வேதிக்கட்டமைப்பை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார்கள். இதன் ஒரே குறை, வெயில் பட்டால் சிதைந்துவிடும். வீட்டுக்குள் சரி, வயலில் பயனில்லை.

லண்டனுக்கு வடக்கே ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட் என்பவரின் குழு, இந்த மூலக்கூற்றின் ஒவ்வொரு பகுதியாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. 1973இல் வெயிலுக்குத் தாங்கும் ஒன்று கிடைத்ததாக அறிவித்தார்கள். அதுதான் பெர்மெத்ரின். அவர்கள் மனதில் இருந்தது பயிர்கள், சட்டை அல்ல.

இது வேலை செய்யும் விதம் இப்படி. பூச்சி, உண்ணி ஆகியவற்றின் நரம்பில் சோடியம் போய்வரும் வாசல்கள் உண்டு. பெர்மெத்ரின் அந்த வாசலை மூடவிடாது. நரம்பு ஓயாமல் துடிக்கும். மருந்தேறிய துணி மேல் கால் வைத்த உண்ணி, சூடான தோசைக்கல்லில் நின்றதுபோல் காலை மாற்றி மாற்றித் தூக்கி, கீழே விழுந்துவிடும். அதிக நேரம் நின்றால் சாகும். மனிதத் தோல் வழியாக மிகக் குறைவாகத்தான் உள்ளே போகிறது. போனதையும் உடம்பு விரைவாக உடைத்து வெளியேற்றிவிடுகிறது. பூனைக்கு அப்படி இல்லை, அதன் உடம்பு இதை உடைக்கத் திணறும். மீனுக்கும் தேனீக்கும் கடும் விஷம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மறுபடியும் முதலில் படை

1970களின் கடைசியிலிருந்து அமெரிக்க வேளாண் துறையின் கெய்ன்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் ஷ்ரெக் என்பவர் பெர்மெத்ரினைச் சீருடைத் துணியில் ஏற்றிச் சோதித்தார். சரியான சமயம் அது. 1975இல் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊர்ப்பக்கம் பிள்ளைகளுக்கு மூட்டுவீக்கம் கூட்டமாக வருவதைத் தாய்மார்கள் கவனித்துச் சொல்ல, விசாரணை தொடங்கியது. வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் வயிற்றுக்குள் சுருள் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்தது 1982இல் வெளியாகி, லைம் நோய்க்கு விடை கிடைத்தது. அதைப் பரப்பும் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவுதான். கண்டுபிடித்துப் பிடுங்கிப்போடு என்று சொல்வது சுலபம், கண்ணில் பட்டால்தானே?

1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படையில் ஒரு முறை நிலைபெற்றது: சீருடையில் பெர்மெத்ரின், வெளியே தெரியும் தோலில் டீட் என்ற விரட்டி, காற்சட்டை நுனி பூட்ஸுக்குள். சிப்பாய் நாள் முழுக்க, மாதக்கணக்கில் இதைப் போட்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்று படை கேட்க, தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் அறிக்கை கொடுத்தது. ஒரு சதுர சென்டிமீட்டர் துணிக்கு 0.125 மில்லிகிராம் என்ற அளவில் தீங்கு வர வாய்ப்பில்லை என்பது முடிவு. பிறகு மருந்தைத் தெளிப்பதற்குப் பதிலாக இழையோடு பிணைக்கும் தொழிற்சாலை முறைகள் வந்தன. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்ற ஒரு முறைக்கு 70 துவைப்பு வரை தாங்கும் என்று உத்தரவாதம்.

இதே காலத்தில் கொசுவலையிலும் இதே பாடம். 1980களில் கிராமங்களுக்குக் கொடுத்த வலைகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மருந்தில் முக்க வேண்டும். திட்டத்து ஆட்கள் வந்தால் முக்குவார்கள், வராவிட்டால் இல்லை. மருந்து நெடுநாள் நிற்கும் வலையைத் தொழிற்சாலையிலேயே செய்தபிறகுதான் பயன் முழுதாகத் தெரிந்தது.

பிறகு வனக்காவலர்

இப்போது வட கரோலினாவுக்கு வரலாம். அங்கே லைம் நோயைவிட ராக்கி மலைப் புள்ளிக்காய்ச்சல், எர்லிக்கியோசிஸ் போன்றவை பெரிய கவலை. புள்ளிக்காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று ஹோவர்ட் ரிக்கெட்ஸ் காட்டியது 1906இல். நூறு வருஷத்துக்கு மேல் தெரிந்த ஆபத்து. காட்டில் வேலை செய்கிற ஊழியர்களுக்கு உண்ணியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விரட்டி மருந்தும் கடையில் கிடைக்கிறது. இருந்தும் கடி நிற்கவில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மெஷ்னிக், வான் ஆகியோர் முதலில் நீர்த்தரத் துறை ஊழியர்கள் சிலரை வைத்துச் சிறு ஆய்வு செய்தார்கள். அது நம்பிக்கை தர, பெரிய ஆய்வுக்குப் போனார்கள்.

அந்த ஆய்வில் மருந்து இல்லாத சீருடைக்காரர்களையும் யாரும் தடுக்கவில்லை. வழக்கமாகச் செய்யும் தற்காப்பை அவர்கள் செய்துகொள்ளலாம். அப்படியிருந்தும் இரண்டு ஆண்டில் இரு தரப்புக்கும் சேர்த்துப் பதிவான வேலைநேரக் கடிகள் ஆயிரத்துக்கு மேல். தெரிந்திருப்பதும் கையில் மருந்து இருப்பதும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். காலை 6 மணிக்கு வண்டியில் ஏறுகிற அவசரத்தில் தினம் தினம் மருந்து அடித்துக்கொள்வதை யார் ஞாபகம் வைப்பார்கள்? சட்டையை மறந்துவிட்டு யாரும் வேலைக்குப் போவதில்லை. அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் இரண்டாம் ஆண்டுக் கணக்கையும் சொல்ல வேண்டும். அதில் பலன் 34 சதவீதமாக இறங்கிவிட்டது. புள்ளியியல் கணக்குப்படி அந்த 34ஐயே உறுதியாக நம்ப முடியாத அளவு ஏற்ற இறக்கம். ஆய்வுக்கூடத்தின் 70 துவைப்பு வேறு, வெயிலிலும் வியர்வையிலும் முள்ளிலும் உழைக்கிற துணி வேறு. பிறகு ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் பகுதி வெளிவேலைக்காரர்களிடம் இதேபோல் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் முதல் ஆண்டு 65 சதவீதம், இரண்டாம் ஆண்டு 50 சதவீதம். மொத்தத்தில் முடிவு ஒன்றுதான்: சட்டை வேலை செய்கிறது, வருஷத்துக்கு ஒருமுறை புதுச் சட்டை கொடுக்க வேண்டும். அந்தச் செலவு முதலாளியுடையது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்

நமக்கு அருகில் உண்ணி பரப்பும் நோய்களில் கொடியது கியாசனூர் காட்டு நோய். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம், சொரப் வட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, பின்னாலேயே காட்டோரக் கிராம மக்கள் படுத்தார்கள். குரங்குக் காய்ச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான். ஆண்டுக்குச் சராசரி 400 முதல் 500 பேர் என்றும், நோய் வந்தவர்களில் 3 முதல் 5 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்றும் சொல்லப்படுகிறது. நெடுங்காலம் ஷிமோகாவிலும் அதன் அண்டை மாவட்டங்களிலும் இருந்தது, 2012க்குப் பிறகு பந்திப்பூர், வயநாடு என்று தெற்கே தெரிய ஆரம்பித்தது. நீலகிரிக் குரங்குகளிடமும் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. குறிப்பான மருந்து கிடையாது. பல ஆண்டுகள் போட்டுவந்த தடுப்பூசியும் போதிய பலன் இல்லை என்று நிறுத்தப்பட்டது.

இப்போது அங்கே காட்டுக்குள் போகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் தற்காப்பு, உடம்பில் தடவிக்கொள்ளும் விரட்டி எண்ணெய். முன்பு டைமெத்தைல் தாலேட், இப்போது நம் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையில் உருவான டெப்பா எண்ணெய். நல்லதுதான். ஆனால் பழைய பிரச்சினை அப்படியே இருக்கிறது. தினமும் தடவ வேண்டும், மறக்காமல் தடவ வேண்டும், வியர்த்தால் மறுபடி தடவ வேண்டும். ஸ்லிம்மிடம் இருந்த அதிகாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் இல்லை, இருக்கவும் கூடாது.

அப்படின்னா மருந்துச் சட்டையை இங்கேயும் கொண்டுவந்துவிட்டால் போதுமா? வனக்காவலர்களுக்கு, வேட்டைத்தடுப்புக் காவலர்களுக்கு நிச்சயம் பொருந்தும். அவர்களுக்குச் சீருடை உண்டு, அதைக் கொடுக்கும் துறை உண்டு. ஆனால் இந்த நோயில் படுக்கிறவர்களில் பலர் சருகு அள்ளப் போனவர்கள், விறகு பொறுக்கப் போனவர்கள், பாக்குத் தோட்டத்திலும் முந்திரித் தோப்பிலும் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் உடுத்துவது சேலை, கைலி, தலைத்துண்டு. காலில் செருப்பே சில சமயம் இருக்காது, பூட்ஸுக்குள் செருக எது இருக்கு? வட கரோலினாவில் உண்ணி ஏறும் வழி காலிலிருந்து மேலே. இங்கே சருகு மூட்டையையும் விறகுக் கட்டையும் தலையில் வைத்துச் சும்மாட்டோடு நடக்கிறவருக்கு மேலிருந்தும் வரலாம். அந்தத் துணியைத் துவைப்பது ஓடையில். அதில் மீன் இருக்கிறது. ஆகவே அங்கே செய்த சட்டையை அப்படியே இங்கே போட முடியாது. எந்தத் துணியில், எந்த அளவில், எத்தனை நாளுக்கு, எங்கே துவைத்தால் தீங்கில்லை என்று இங்கேயே பார்க்க வேண்டும். அந்த ஆய்வுக்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். கொஞ்சம் மருந்தேற்றிய துண்டு, ஒரு நோட்டு, இரண்டு பருவம் பொறுமையாகக் கடியை எண்ணுகிற ஆட்கள்.

இந்த வரலாறு முழுக்க அந்த நோட்டின் கதைதான். படையில் அது முதலிலிருந்தே இருந்தது, சட்டை வந்தது. மாநில அரசின் நிரந்தர ஊழியருக்கு 2011 வாக்கில் திறந்தார்கள், சட்டை வந்தது. மலாயாத் தோட்டத்துக் களைவெட்டியின் கடியை எண்ண அப்படி ஒரு நோட்டை யாரும் திறக்கவில்லை. சருகு அள்ளுகிறவருக்கு இன்று நம்மிடம் இருப்பது காய்ச்சல் கணக்கும் சாவுக் கணக்கும். இரண்டுமே கடித்து முடித்த பிறகு எழுதுகிற கணக்கு.